செய்திக்கும் ரசீது கேளுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சத்திரப்பட்டிப் பக்கத்துக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. அவர் பேசிய நடையிலேயே தந்திருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "குடும்ப நலமும் நுகர்வோர் விழிப்புணர்வும்". தலைப்பு பெருசு, நான் சின்ன ஆளு. டாக்டரும் இல்ல, அதிகாரியும் இல்ல. பத்தாவது வரை படிச்சேன். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்யுற தறியில வேலை. ரெண்டு பிள்ளைக்குத் தாய். எங்க தெருவுல எனக்கு ஒரு பேரு உண்டு, "எதைச் சொன்னாலும் அப்படியான்னு கேக்குறவ"ன்னு. அந்தப் பேரு எனக்கு எப்படி வந்துச்சு, அந்தப் பேரை நம்பி நான் எங்க தடுக்கி விழுந்தேன், இந்த ரெண்டையும்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

நம்ம குழுவுல ஒரு வழக்கம் இருக்கு. ரசீது இல்லாத செலவை நோட்டுல ஏத்த மாட்டோம். ஊக்குநரே செலவழிச்சிருந்தாலும், டீக்குக் கொடுத்த அம்பது ரூபாயா இருந்தாலும், "ரசீது எங்க அக்கா?"ன்னு கேட்டுருவோம். அதுல யாருக்கும் கோபம் வராது. ஆனா கையில போனை எடுத்தா, "இதைச் சாப்பிட்டா புற்றுநோய்", "அந்த ஊசி போட்டா பிள்ளை பிறக்காது"ன்னு வர்ற செய்திக்கு மட்டும் நாம ரசீது கேக்குறதில்ல. அப்படியே வாங்கி, அப்படியே அடுத்தவளுக்கு அனுப்பிடுறோம்.

நானும் அனுப்பினவதான். முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

2017 பிப்ரவரி மாசம். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் ஆரம்பிச்சாங்க. 9 மாசக் குழந்தையிலிருந்து 15 வயசுப் பிள்ளைங்க வரைக்கும், தமிழ்நாடு முழுக்க ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்குப் போடுறதா அறிவிப்பு. என் மக அப்போ நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துலேயே ஊசி. முகாமுக்கு முன்னாலயே போன்ல செய்தி வந்துருச்சு. வெளிநாட்டுக்காரன் நம்ம பிள்ளைகள வச்சுச் சோதனை பண்றான், பொம்பளப் பிள்ளைக்குப் போட்டா நாளைக்குக் குழந்தை தங்காது, அப்படின்னு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. குழுவுல இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். ஊசி போடுற அன்னைக்கு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. நான் மட்டும் இல்ல, பல ஊர்ல பல தாய்மார் அப்படித்தான் செஞ்சாங்க. பிப்ரவரியில முடிய வேண்டிய முகாமை மார்ச் வரைக்கும் நீட்டிக்க வேண்டியதாப் போச்சு.

ரெண்டு நாள் கழிச்சு எங்க பகுதி நர்சம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. திண்ணையில உக்காந்து தண்ணி கேட்டுக் குடிச்சாங்க. "பாப்பாவோட தடுப்பூசி அட்டையை எடு தாயி"ன்னாங்க. எடுத்துக் கொடுத்தேன். 9 மாசத்துல தட்டம்மை ஊசி போட்ட தேதியை விரல் வச்சுக் காட்டினாங்க.

"இதைப் போட்டப்போ நீ பயந்தியா?"

"இல்லம்மா."

"இப்போ போடுறதுல அதே தட்டம்மை மருந்துதான் இருக்கு. கூட ரூபெல்லாவுக்கும் சேர்த்திருக்கு, அவ்வளவுதான். புனேயில நம்ம நாட்டுலேயே தயாரிக்கிற ஊசி. காசு இருக்கிறவங்க தனியார் ஆஸ்பத்திரியில தங்கள் பிள்ளைக்கு இதே மாதிரி ஊசியை வருஷக்கணக்கா காசு கொடுத்துப் போட்டுட்டு வர்றாங்க. இப்போ உன் பிள்ளைக்கு அரசாங்கம் சும்மா போடுது."

அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. ரூபெல்லா பிள்ளைக்கு வந்தா லேசான காய்ச்சல், தடிப்போட போயிரும். ஆனா அது கர்ப்பிணிக்கு வந்தா வயித்துல இருக்கிற சிசுவுக்குக் கண்ணு, காது, இதயம் பாதிக்கும். "நாளைக்கு உன் மக வயித்துல இருக்கப் போற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இன்னைக்கு இந்த ஊசி"ன்னாங்க. போன்ல வந்தது என்ன சொல்லுச்சு? ஊசி போட்டா அவளுக்குப் பிள்ளை தங்காதுன்னு. உண்மை அப்படியே தலைகீழ். மறுநாள் நானே மகளைக் கூட்டிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தேன். இப்போ கல்லூரியில முதல் வருஷம் படிக்கிறா.

அதே சமயத்துலதான் பிளாஸ்டிக் முட்டை செய்தியும் வந்துச்சு. முட்டைத் தோலுக்குள்ள இருக்கிற சவ்வைக் கொளுத்திக் காட்டி, "பாருங்க, பிளாஸ்டிக் மாதிரி எரியுது"ன்னு ஒரு வீடியோ. என் மகன் ஒண்ணாம் வகுப்பு. சத்துணவுல பள்ளிக்கூடம் நடக்கிற அஞ்சு நாளும் முட்டை உண்டு. "நீ அதைத் தொடாதடா"ன்னு சொல்லிட்டேன். ஒரு மாசம் சாப்பிடல. அந்தச் சவ்வு புரதம்தான், கொளுத்தினா முடி மாதிரி பொசுங்கும், முட்டை பழசானா வெள்ளைக்கரு தண்ணியா ஓடும்னு பின்னால உணவுப் பாதுகாப்பு ஆணையமே விளக்கம் கொடுத்துச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் அஞ்சு வீதம் இருபது முட்டை. என் பிள்ளை வயித்துலேர்ந்து இருபது முட்டையைப் பிடுங்கினது கலப்படக்காரன் இல்ல, நான்தான்.

அதுக்கப்புறம்தான் கேள்வி கேக்க ஆரம்பிச்சேன். ரேஷன் அரிசியில மஞ்சளா, வேற மாதிரி மணி கிடக்கு, தண்ணியில மிதக்குது, பிளாஸ்டிக் அரிசின்னு தெருவே பேசினப்ப, நான் விசாரிச்சேன். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மணி மாதிரியே அச்சுல பிழிஞ்சு, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ கலந்தாங்க. ரத்தச்சோகை அதிகமா இருக்கிற நமக்காகக் கலந்ததைத்தான் நாம பொறுக்கிப் பொறுக்கி வெளிய போட்டுட்டு இருந்தோம். தலசீமியா மாதிரி ரத்த நோய் உள்ள பிள்ளைகள் வீட்டுல மட்டும் டாக்டரைக் கேட்டுக்கணும். மத்தவங்க தாராளமாச் சாப்பிடலாம்.

அடுத்து பால். இது நம்ம ஊர்ப் பிழைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல எத்தனையோ பேர் குழுக்கடன்ல கறவை மாடு வாங்கினவங்க.

2017 மே மாசம், அப்போ பால்வளத் துறை அமைச்சரா இருந்த நம்ம மாவட்டத்துக்காரர் கே.டி.ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்குறாங்கன்னு சொன்னார். தமிழ்நாடே பால் தம்ளரை முறைச்சுப் பார்த்தது. சில கம்பெனிகள் மறுத்து நீதிமன்றத்துக்குப் போனாங்க. ஆதாரம் இல்லாம அந்தக் கம்பெனிகளைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுச்சு. அதோட நம்ம வீட்டுல பேச்சு முடிஞ்சுது. ஆனா விஷயம் முடியல.

2019 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வு வெளிவந்துச்சு. 6,432 மாதிரி எடுத்துச் சோதிச்சாங்க. அதுல உடம்புக்குக் கேடான பொருளைக் கலப்படம் பண்ணினது எத்தனைன்னு நினைக்கிறீங்க? 12. ஆமா, பன்னிரண்டுதான். ஆனா 368 மாதிரியில அஃப்லாடாக்சின்ங்கிற பூஞ்சை நச்சு அளவுக்கு மேல இருந்துச்சு. அதிகமா இருந்த மாநிலம் எது? நம்ம தமிழ்நாடு. 551 மாதிரியில 88.

இந்த நச்சை யாரும் பாலில் ஊத்தல. மாட்டுக்குப் போடுற கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஈரத்துல பூசணம் பிடிக்குது. அதை மாடு தின்னுது. அது பாலில் இறங்குது. பாலைக் காய்ச்சினாலும் போகாது. அப்போ நாம என்ன செய்யணும்? தீவன மூட்டையை வெறுந்தரையில போடாம பலகை மேல, சுவரை ஒட்டாம அடுக்கணும். மழை நாள்ல அதிகமா வாங்கி வைக்கக் கூடாது. பூசணம் பிடிச்சதை "மாடுதானே"ன்னு போடாம வெளிய கொட்டணும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாச் சொல்றேன்னா, பயமுறுத்துற செய்தி எப்பவும் தூரத்துல இருக்கிற ஒருத்தனைக் கை காட்டும். எவனோ கலக்குறான், எவனோ ஏமாத்துறான். கேக்க விறுவிறுப்பா இருக்கும். உண்மையான ஆபத்து நம்ம மாட்டுக் கொட்டகை மூலையில, ஓசையில்லாம மூட்டைக்குள்ள இருந்திருக்கு.

இப்படி நாலு விஷயத்துல நான் சொன்னது சரியாப் போனதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துருச்சு. குழுவுல என்ன செய்தி வந்தாலும், படிக்கிறதுக்கு முன்னாலயே "வதந்தி"ன்னு போட்டுருவேன். இனிமே சொல்லப் போறதுதான் நான் தடுக்கி விழுந்த இடம்.

2025 அக்டோபர் முதல் வாரம். என் தங்கச்சி ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாக்கப்பட்டவ. அவ மகனுக்கு ஒன்றரை வயசு. சளி, ராத்திரி இருமல். போன் பண்ணினா. "அக்கா, இருமல் மருந்து குடிச்சு வடக்க பிள்ளைகள் சாகுதாம், குழுவுல வந்துச்சு. வீட்டுல போன மழைக்கு வாங்கின பாட்டில்ல பாதி இருக்கு. கொடுக்கவா வேண்டாமா?"

நான் தறியில நின்னுட்டு இருந்தேன். சிரிச்சேன். "அதெல்லாம் பிளாஸ்டிக் முட்டைக் கதைடி. நீ கொடு"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா டி.வி.யில அதே செய்தி. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டம். இருமல் மருந்து குடிச்ச சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து போச்சு. கடைசியில இருபதுக்கும் மேல பிள்ளைகள் இறந்தாங்க. பெரும்பாலும் அஞ்சு வயசுக்கு உட்பட்டவங்க. மருந்து பேரு கோல்ட்ரிஃப். தயாரான இடம் நம்ம தமிழ்நாடு, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த பேட்ச்சைச் சோதிச்சப்ப டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷப்பொருள் 48.6 சதவீதம் இருந்துச்சு. இருக்கலாம்னு விதி சொல்ற அளவு 0.1 சதவீதம். பாட்டில்ல கிட்டத்தட்டப் பாதி விஷம். தமிழ்நாட்டுல அந்த மருந்தை விக்கக் கூடாதுன்னு அக்டோபர் 1ஆம் தேதியே தடை போட்டிருக்காங்க.

எனக்குக் கை நடுங்கிருச்சு. தங்கச்சிக்குப் போன் போட்டா எடுக்கல. மூணாவது தடவைதான் எடுத்தா. "கொடுத்துட்டியா?" "மத்தியானம் ஒரு மூடி கொடுத்தேன் அக்கா, தூங்குறான்." "பாட்டிலை எடு, பேரைப் படி." அவ எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும் நான் அனுபவிச்சது எனக்குத்தான் தெரியும். அது வேற மருந்து. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல.

ஆனா அது வேற மருந்துன்னு தெரிஞ்சா நான் "கொடு"ன்னு சொன்னேன்? பேரைக் கேட்டேனா? வயசைக் கேட்டேனா? பாட்டில் திறந்து எத்தனை மாசம் ஆச்சுன்னு கேட்டேனா? ஒண்ணும் கேக்கல. 2017ல விசாரிக்காம நம்பினேன். 2025ல விசாரிக்காம நம்ப மறுத்தேன். ரெண்டும் ஒரே தப்புதான். எல்லாத்தையும் நம்புறவளும் சோம்பேறி, எதையும் நம்பாதவளும் சோம்பேறி. ரெண்டு பேருமே ரசீது கேக்கல.

மறுநாள் அந்தப் பிள்ளையை டாக்டர்கிட்டக் காட்டினோம். மருந்தே எழுதல. மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு, தாய்ப்பால், வெதுவெதுப்பா கஞ்சி, மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வரணும், அவ்வளவுதான் சொன்னார். ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, அஞ்சு வயசுக்குள்ள பொதுவாத் தேவையில்லன்னு மத்திய சுகாதாரத் துறையும் அந்த வாரம் அறிவுரை கொடுத்துச்சு. சாதாரணச் சளி இருமல் தானாவே போயிரும்.

அதுலேர்ந்து நான் எந்தச் செய்திக்கும் நாலு கேள்வி வச்சிருக்கேன். எழுதிக்கோங்க.

ஒண்ணு, யாரு சொன்னது, எப்போ சொன்னது? துறை பேரு, ஊரு, தேதி இருக்கணும். "ஒரு பெரிய டாக்டர் சொன்னார்"ங்கிறது ரசீது இல்ல.

ரெண்டு, குறிப்பா எது? எந்த மருந்து, எந்த பேட்ச், எந்தச் சாயம்? 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்துச்சு. காரணம் சர்க்கரை இல்ல, ரோடமைன்-பிங்கிற துணிச் சாயம். தேரோட்டக் கூட்டத்துல பிள்ளை கை நீட்டினா, கண்ணைப் பறிக்கிற ரோஸ் கலரைத்தான் மறுக்கணும்னு அப்போ தெரியும்.

மூணு, எவ்வளவு? "இருக்கு"ன்னு சொன்னா போதாது. எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கலாம்? 0.1 இருக்க வேண்டிய இடத்துல 48.6ன்னா அது செய்தி.

நாலாவதுதான் தாய்க்கு உள்ள கேள்வி. நான் நினைக்கிறது தப்பாப் போனா நஷ்டம் என்ன? இருமல் மருந்தை ஒரு நாள் நிறுத்தி வச்சா, பிள்ளை ஒரு ராத்திரி இருமும். கொடுத்தது விஷமா இருந்தா, பிள்ளை இல்ல. அப்போ விசாரிக்கிற வரைக்கும் நிறுத்து. ஊசியில அப்படி இல்ல. போடாம விட்டா தட்டம்மை வரலாம், நிமோனியா வரலாம். அப்போ நிறுத்திட்டு உக்காராதே, அன்னைக்கே போய் விசாரி. ரெண்டு தட்டுலயும் எடை போடணும்.

பயத்துக்கு மட்டும் இந்தக் கேள்வி இல்ல, ஆசைக்கும் கேளுங்க. வயித்துப்போக்குல பிள்ளை வாடிக் கிடக்கும்போது, மருந்துக்கடையில அட்டைப்பெட்டியில ஓ.ஆர்.எஸ்.னு பேரு போட்ட இனிப்புப் பானத்தை எத்தனை பேர் வாங்கியிருக்கோம்? அதுல சர்க்கரை அதிகம், உண்மையான உப்பு சர்க்கரைக் கரைசல் கணக்கு அதுல இல்ல. பேதியை அது இன்னும் கூட்டும். ஹைதராபாத்துல சிவரஞ்சனி சந்தோஷ்னு ஒரு குழந்தை டாக்டர் அம்மா, எட்டு வருஷம் இதை எதிர்த்துப் போராடினாங்க. எழுதினாங்க, நீதிமன்றம் போனாங்க. 2025 அக்டோபர்ல, இந்த மாதிரி பானங்கள் பேருல ஓ.ஆர்.எஸ்.னு போடக் கூடாதுன்னு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. நமக்கு வேண்டிய பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே கிடைக்குது. அந்தப் பொட்டலத்துல எழுதியிருக்கிற அளவு தண்ணியில முழுசாக் கரைக்கணும்.

அந்த அம்மாவும் சந்தேகப்பட்டவங்கதான். ஆனா சந்தேகப்பட்டு வீட்டுல உக்காரல, உத்தரவு வர்ற வரைக்கும் விடல. நாமளும் செய்யலாம். உணவுல சந்தேகம் வந்தா 94440 42322 என்ற எண்ணுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப் பண்ணலாம். மருத்துவச் சந்தேகத்துக்கு 104. கடையில ஏமாந்தா நுகர்வோர் உதவி எண் 1915. பொட்டலத்துல 14 இலக்க உணவு உரிம எண், தயாரிச்ச தேதி, பேட்ச் எண் பார்த்து வாங்குங்க. பில்லையும் காலி அட்டையையும் பிள்ளைக்குச் சரியாகிற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.

ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி போடுற நம்ம குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. நாம கேக்குற ரசீதை நம்மகிட்டயும் ஒருத்தி கேப்பா. கேக்கட்டும். எங்க தொழில்ல வெளுத்து வந்த கட்டுத் துணியைத் தண்ணியில போட்டுப் பார்ப்பாங்க. சில நொடியில நனைஞ்சு மூழ்கணும். மிதந்தா தேறாது, எவ்வளவு வெள்ளையா இருந்தாலும். "என் துணியைச் சந்தேகப்படுறியா"ன்னு நெசவுக்காரி யாரும் கோவிச்சுக்க மாட்டா. அந்தத் துணி ஒருத்தர் புண்ணு மேல வைக்கப் போறது.

முடிக்கிறதுக்கு முன்னால, கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. மாசக் கூட்டத்துல சேமிப்பு, கடன் கணக்கு முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குவோம். தீர்மான நோட்டுல கடைசிப் பக்கத்தை இதுக்கு விடுவோம். இந்த மாசம் என்ன செய்தி வந்துச்சு, யாரு சொன்னது, யாரு விசாரிச்சா, என்ன தெரிஞ்சுது. நாலு வரி போதும். படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்துல இருக்கிறவ படிச்சுச் சொல்லட்டும். என் பேருக்கு நேரா நான் எழுதப் போற முதல் வரி இதுதான்: "2025 அக்டோபர், இருமல் மருந்து. விசாரிக்காம வதந்தின்னு சொன்னேன். தப்பு."

என் தங்கச்சி மகன் அதோ அந்தப் பந்தக்காலைப் பிடிச்சுட்டு ஆடிட்டு இருக்கான். அவன் நல்லா இருக்கிறது என் புத்திசாலித்தனத்தால இல்ல. அடுத்த தடவை என் சொல்லால நல்லா இருக்கணும்.